முக்காட்டு மலையின் மறுபக்கம்

அனுஷியா அந்தப் பாதையின் மேல் ஒரு மாதமாகப் பைத்தியமாக இருந்தாள். கொழும்பின் கொள்ளுப்பிட்டியில் அவள் வேலை செய்யும் காப்புறுதி அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் போனில் அதன் படங்களைத்தான் தள்ளித் தள்ளிப் பார்ப்பாள். கொட்டகலைக்கு அப்பால், தேயிலைச் சரிவுகளுக்கூடாக வளைந்து வளைந்து ஏறி முக்காட்டு மலையின் உச்சிக்குப் போகும் பாதை. பாதி நாள் உச்சி மேகத்துக்குள் மறைந்து கிடப்பதால் அந்தப் பக்கத்து ஆட்கள் வைத்த பெயர் அது. ஏப்ரல் பிறந்தால் வசந்தகாலம் என்று கொழும்பே நுவரெலியாவில் போய் நிற்கும். அதற்கு முன்னால், மார்ச் கடைசியில், வானம் வெளித்த நாளாகப் பார்த்துப் போய்விட வேண்டும். கலியாணமாகி ஐந்து மாதத்தில் அவளும் திலக்ஷனும் சேர்ந்து ஏறப்போகும் முதல் மலை.

கொட்டாஞ்சேனையில் தொடர்மாடியின் நான்காம் தளத்தில் திலக்ஷனின் பெற்றோருடன்தான் அவர்கள் இருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் சாப்பாட்டு மேசையில் இருவரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு பாதையைப் பேசிக்கொண்டிருந்தபோது, மாமியார் வெள்ளையம்மா தேத்தண்ணிக் கோப்பைகளுடன் வந்தாள். பக்கத்துப் பாடசாலையின் கன்டீனில் வேலை முடித்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"மாமி, இதைப் பாருங்கோவன்," என்று அனுஷியா ஒரு வீடியோவைத் தட்டிவிட்டாள். பச்சைச் சரிவு, வெள்ளை மேகம், பின்னணியில் புல்லாங்குழல்.

வெள்ளையம்மா கோப்பைகளை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். கடைசி வரை பார்த்தாள். "முக்காட்டு மலையா?" என்றாள்.

"ஓம் மாமி. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? எங்க லயத்து வாசல்ல நின்னா அதுதானே நிக்கும், மூஞ்சிக்கு நேரா." தேயிலைத் தோட்டத்து வரிசைவீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். சொல்லிவிட்டு உள்ளே போனவள், அரைவாசி தூரத்தில் திரும்பினாள். "நானும் வரட்டுமா?"

திலக்ஷன் குடித்த தேத்தண்ணி புரையேறியது. "அம்மா, அது மல. ஏறணும்."

"லிஃப்ட்டு ஒடைஞ்சு மூணு மாசமா இந்த நாலு மாடிய நான் பறந்தா வாரேன்?"

அனுஷியாவுக்குச் சிரிப்பும் சந்தோசமும் ஒன்றாக வந்தன. கலியாணம் முடிந்த நாளிலிருந்து இந்த மாமி தனக்கென்று எதையும் கேட்டதில்லை. சாப்பாட்டில் எது மிஞ்சுகிறதோ அதைத்தான் தன் தட்டில் போட்டுக்கொள்வாள். "வாங்கோ மாமி! கட்டாயம் வாங்கோ!" என்று எழும்பிக் கையைப் பிடித்தாள்.

"ஆனா இந்தப் பாதையால வேணாம்," என்றாள் வெள்ளையம்மா.

"ஏன்?"

"தேயிலைக்குள்ள நடக்க நான் லீவு போடணுமா புள்ள? கொழுந்துக் கூடையோட நடந்த பாதை அது. அந்தப் பக்கமா ஒரு வழி இருக்கும். பின்பக்கம். அதால ஏறுவோம்."

நாற்காலியில் சாய்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த மாமனார் காளியப்பனிடம், "மாமா, நீங்களும் வாறீங்களோ?" என்று கேட்டாள் அனுஷியா. கொம்பனித்தெருவில் புதிதாக எழும்பிய ஒரு உயர்மாடியில் அவர் காவலாளி. பேப்பரை இறக்காமலே பதில் சொன்னார்: "மலையில இருந்து எறங்குறதுக்கே எனக்கு இருவது வருசம் ஆச்சு. திரும்ப ஏத்தப் பாக்குறீங்களா?"

அன்றைக்கு அனுஷியாவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அந்தப் படங்கள், அந்த வளைவுகள், தான் கைவிரித்து நிற்க மனதுக்குள் தேர்ந்து வைத்திருந்த கல். எல்லாம் கைநழுவிப் போகிறதே. பின்பக்கப் பாதை என்று இணையத்தில் எவ்வளவு தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. வரைபடத்தில் மலையின் அந்தப் பாதி வெறும் பச்சைத் திட்டு. ஒரு கோடுகூட இல்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் நஸ்லாதான் ஒரு நம்பர் தந்தாள். அவளுடைய தம்பியின் கூட்டாளிகள் ஒருதரம் கூட்டிக்கொண்டு போன வழிகாட்டி, பெயர் ஷெல்டன். மலையின் மறுபுறம், லீக்ஸும் கரட்டும் போடுகிற சின்ன ஊரில் வீடு. அனுஷியா மதியம் சாப்பாட்டைத் திறக்காமலே போன் எடுத்தாள்.

"பின்பக்கமாவா?" என்றான் ஷெல்டன். "யாரும் கேக்கிறதில்லையே மேடம். எல்லாரும் தேயிலைப் பக்கமாத்தான் வருவாங்க, போட்டோ நல்லா விழும்னு."

"பாதை இருக்கா இல்லையா?"

"இருக்கு. ஓடையோரமாப் போயி, காட்டுக்குள்ள ஏறி, புல்வெளிக்கு வந்து, அப்புறம் உச்சி. கொஞ்சம் நீளம். வனத் திணைக்களத்துல நான் அனுமதி எடுத்துத் தாரேன். ஆனா மேடம், இந்த மாசம் அந்தப் பக்கம்…" அவன் நிறுத்தினான். "இருங்க, ஒரு படம் அனுப்புறேன்."

படம் வந்தது. கை நடுங்கி எடுத்த மங்கலான படம். முறுகி வளைந்த, பாசி மூடிய மரங்கள். அவற்றின் உச்சியெல்லாம் செக்கச் செவேல் என்று கொத்துக் கொத்தாகப் பூ.

"மஹ ரத்மல்," என்றான் ஷெல்டன். "சிங்களத்துல பெரிய சிவப்புப் பூன்னு அர்த்தம். இந்த வருசம் நேரத்தோடயே பூத்துருச்சு. புல்வெளி ஓரம் பூராவும் இதுதான்."

அனுஷியா கதிரையை விட்டு எழும்பி நின்றே விட்டாள். ஒருவரும் போடாத படம்! ஒருவரும் போகாத பாதை! "நஸ்லா, இதைப் பாரடி!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பிரிவு மனேஜர் கண்ணாடிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

அந்த ஞாயிறு வெள்ளவத்தையில் அம்மா வீட்டுக்குப் போனபோது அவளால் வாயை அடக்க முடியவில்லை. அம்மா கனகேஸ்வரி ஓய்வுபெற்ற ஆசிரியை. தினமும் விடிய, கடலோரமாகப் போகும் மரீன் டிரைவில் நடக்காவிட்டால் அவருக்கு நாள் விடியாது. மகள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, கறிவேப்பிலை ஆய்ந்த கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"உன்ர மாமியும் வாறாவோ?"

"ஓம் அம்மா."

"அப்ப நான் ஏன் வரக்கூடாது?"

அனுஷியா ஒரு கணம் யோசித்தாள். கலியாணத்துக்குப் பிறகு இரண்டு சம்பந்திமாரும் நேரில் கதைத்தது இரண்டோ மூன்றோ தரம்தான். அதுவும் சாப்பிட்டாச்சோ, சுகமோ என்ற அளவில். மலையில் ஒரு முழு நாள் இருவரும் என்ன கதைப்பார்கள்? ஆனால் அம்மாவின் கண்ணில் ஒரு பளபளப்பு இருந்தது. "வாங்கோ," என்றாள்.

"ஆனா பின்பக்கம், காடு எண்டெல்லாம் எனக்கு ஏலாது. அட்டை கிடக்கும். முன்பாதையால போவம். வடிவான தேயிலை, ஒழுங்கான பாதை. அவவுக்கும் அது பழகின இடம்தானே?"

இப்படியாக, ஒரு மலைக்கு இரண்டு பாதை, இரண்டு பாதைக்கு இரண்டு அம்மாமார் என்றாகிவிட்டது. ஒரு கிழமையாகக் கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் அனுஷியாவின் போன் தூது போனது. திலக்ஷன் தலையில் கைவைத்துக்கொண்டான். "ரெண்டு பேரையும் நேர்ல இருக்க வைப்போம். பேசி முடிக்கட்டும்."

அடுத்த சனிக்கிழமை விடிய, நடைப் பயிற்சி என்று சொல்லி வெள்ளையம்மாவை மரீன் டிரைவுக்குக் கூட்டி வந்தார்கள். கனகேஸ்வரி வெள்ளைச் சப்பாத்தும் தொப்பியுமாக அங்கே காத்திருந்தார். நால்வரும் கொஞ்சத் தூரம் நடந்தார்கள். கனகேஸ்வரி விறுவிறு என்று முன்னால் போக, வெள்ளையம்மா செருப்போடு பின்னால் இழுபட்டாள். ஒரு சீமெந்து இருக்கையைக் கண்டதும் உட்கார்ந்துவிட்டாள். தண்டவாளத்துக்கு அப்பால் கடல் அலை கல்லில் அடித்துக்கொண்டிருந்தது.

கனகேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து, தானாகவே பேச்சை எடுத்தார். "சம்பந்தி, நான் உங்களுக்காகவும்தான் சொல்லுறன். முன்பாதையால போனா எவ்வளவு வடிவு. உங்கட கண்டிப் பக்கத்தை நீங்களும் திரும்ப ஒருக்காப் பாத்த மாதிரி இருக்கும்."

வெள்ளையம்மா கடலைப் பார்த்தபடியே இருந்தாள். "கண்டிய நான் பாத்ததே ரெண்டு தடவ," என்றாள் மெல்ல. "ஒருக்கா பெரஹரா. ஒருக்கா ஆஸ்பத்திரி."

பிறகு சம்பந்தியின் பக்கம் திரும்பினாள்.

"கலியாண ஹோல்ல, கனடாவுல இருந்து வந்த உங்க சொந்தக்காரங்ககிட்ட சொன்னீங்க. மாப்பிள்ளை வீட்டார் கண்டி ஆக்கள்னு. நான் பக்கத்துலதான் நின்னேன். நாங்க கண்டி இல்ல சம்பந்தி. தோட்டம். கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம்."

அனுஷியாவுக்கு முகம் சுட்டது. அதை அவளும் கேட்டிருந்தாள். மாமிக்குக் கேட்டிருக்காது என்றுதான் அதுவரை நம்பியிருந்தாள்.

கனகேஸ்வரி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "தோட்டம் எண்டு சொன்னா நீங்கள் குறையா நினைப்பியளோ எண்டு…"

"கொறையா நெனச்சது நான் இல்லையே."

"இல்லை," என்றார் கனகேஸ்வரி. தொப்பியின் விளிம்பை விரலால் நேராக்கிவிட்டு, "நான்தான்," என்றார்.

பாணந்துறைப் பக்கமிருந்து வந்த காலை ரயில் சனத்தைத் தொங்கவிட்டபடி அவர்கள் முன்னால் தடதடத்துப் போனது. அது போய் முடியும் வரை நால்வரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் அடங்கியதும் கனகேஸ்வரிதான் கேட்டார்: "ஏன் அந்தப் பின்பக்கம்? அங்க என்ன இருக்கு?"

"அதுதான் தெரியாது," என்றாள் வெள்ளையம்மா. அவள் குரலில் இப்போது கனம் இல்லை. "சின்னதுல நான் எங்கம்மாகிட்ட கேப்பேன், அந்த மலைக்கு அந்தாண்ட என்னா இருக்குன்னு. கடல் இருக்குன்னு சொன்னிச்சு. நான் நம்பிட்டேன். ராத்திரி காத்தடிச்சா அல சத்தம்னு நெனச்சுக்குவேன். அப்பாகிட்ட கேட்டா, இதே தேயிலதான் இருக்கும், வேற என்னா இருக்கப் போகுதுன்னாரு. பதினாலு வயசுல தோட்டத்துல பேரு பதிஞ்சு வேலைக்கு எறங்கினேன். மலைக்கு மேல யாரு போகவிட்டா? கலியாணம் கட்டி நேரா இங்க வந்தாச்சு. கடல தினமும்தான் பாக்குறேன். அந்த மலைக்கு அந்தப் பக்கம் என்னா இருக்குன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது."

கனகேஸ்வரி எழும்பி நின்றார். பிறகு தொப்பியைத் தலையில் வைத்து அழுத்தினார்.

"அட்டைக்கு என்ன பூசுறது?" என்று கேட்டார்.

திலக்ஷன் அனுஷியாவைப் பார்த்தான். அனுஷியாவுக்கு அந்த இடத்திலேயே துள்ள வேண்டும் போலிருந்தது. போனை எடுத்து ஷெல்டனின் படத்தை அம்மாவின் கையில் கொடுத்தாள். "ஐயோ, என்ன சிவப்பு!" என்றார் கனகேஸ்வரி. இரண்டு தலைகளும் அந்தச் சின்னத் திரையில் முட்டிக்கொண்டன.

அதற்குப் பிறகு வீடு வீடாக இருக்கவில்லை. புறக்கோட்டையில் நடைபாதைக் கடையொன்றில் வெள்ளையம்மாவுக்குச் சப்பாத்து வாங்கப் போனார்கள். அவள் வாழ்க்கையில் முதல் சப்பாத்து. "மேக்க பலன்ன அம்மே, மாற லஸ்ஸனய்!" என்று, இதைப் பாருங்கம்மா, சரியான வடிவு என்று சிங்களத்தில் புகழ்ந்தபடி கடைக்காரன் ஊதா நிறத்தில் ஒன்றை நீட்ட, அதைப் போட்டுக்கொண்டு கடைக்கு முன்னால் முன்னும் பின்னும் நடந்து காட்டினாள். கழற்றவே மனம் வரவில்லை. அப்படியே போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். கனகேஸ்வரி உதைபந்தாட்டக்காரர் போடும் நீளக் காலுறை எல்லோருக்கும் வாங்கினார். உப்பு, தேசிக்காய், சவர்க்காரம் என்று அட்டைக்கு எதிராக ஒரு பெரிய ஆயத்தமே அவர் கைப்பையில் நடந்தது. விடியற்காலையில் சம்பந்திகள் இருவரும் மரீன் டிரைவில் தனியே நடக்கத் தொடங்கினார்கள். என்ன கதைக்கிறார்கள் என்று அனுஷியா கேட்டால் இருவருமே, "ஒண்டுமில்லை," "சும்மா," என்றார்கள்.

பயணத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது மலைநாட்டில் மழை பிடித்துக்கொண்டது. ஷெல்டன் போன் பண்ணினான். "ஓடையில தண்ணி கூடிருச்சு மேடம். இப்படியே பேஞ்சா கடக்க ஏலாது. முன்பாதைதான் சரிவரும்."

அனுஷியா அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முதலில் அம்மாவிடம்தான் சொன்னாள். கனகேஸ்வரி நல்லதாய்ப் போயிற்று என்பார் என்று நினைத்தாள். அவரோ, "அந்தத் தம்பியின்ர நம்பரைத் தா," என்றார். அன்றிலிருந்து காலையும் மாலையும் ஷெல்டனைப் போனில் பிடித்து ஓடையின் உயரத்தை விசாரித்தார். "முழங்காலுக்கு மேலயோ கீழயோ? உம்முடைய முழங்காலோ என்ர முழங்காலோ?" வெள்ளிக்கிழமை காலை ஷெல்டனின் பதிலைக் கேட்டுவிட்டு, மகளுக்கு ஒரே வரியில் செய்தி அனுப்பினார்: வெயில் எறிக்குதாம், வெளிக்கிடு.

மறுநாள் விடிய, பொடி மெனிக்கே என்ற மலைநாட்டு ரயிலில் போய் இறங்கி, ஷெல்டனின் வீட்டிலேயே இரவு தங்கினார்கள். விடிந்ததும் லீக்ஸ் பாத்திகளுக்கு நடுவால் நடை தொடங்கியது. குளிர் மூக்கை வெட்டியது. வெள்ளையம்மா மகனின் காற்சட்டைக்கு மேல் பாவாடையும், அதற்குமேல் ஸ்வெட்டரும், காலில் ஊதாச் சப்பாத்துமாக எல்லோருக்கும் முன்னால் போனாள். ஓடையில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். ஷெல்டன் நடுவில் நிற்க ஒவ்வொருவராகக் கை கொடுத்துக் கடந்தார்கள். "பனிக்கட்டி!" என்று கனகேஸ்வரி கூவினார்.

காட்டுக்குள் ஏறியதும் வெளிச்சம் பச்சையாகிவிட்டது. மரங்கள் ஆளுயரத்தைவிடக் கொஞ்சமே உயர்ந்து, எல்லாம் கூன் விழுந்து, கைக்கனத்துக்குப் பாசி பிடித்திருந்தன. தொட்டால் தண்ணீர் வடிந்தது. எங்கோ ஒரு பறவை ஒரே ஒரு சுருதியில் விசில் அடித்தது. எதிர்பார்த்த அட்டைகளும் வந்தன. ஆனால் எதிர்பார்த்த ஆளை அவை தொடவில்லை. காலுறை வேண்டாம் என்று வீம்பாக வந்த திலக்ஷன்தான், "அம்மா! ஏறிட்டுது! ஏறிட்டுது!" என்று ஒற்றைக்காலில் குதித்தான். கனகேஸ்வரி சிரித்துச் சிரித்து மரத்தைப் பிடித்துக்கொண்டே அவனுக்குத் தேசிக்காயை நீட்டினார்.

ஏற்றம் செங்குத்தானபோது வெள்ளையம்மாவுக்கு மூச்சு வாங்கியது. முதலில் நின்று நின்று ஏறினாள். பிறகு ஒரு வேரில் உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. "நீங்க போங்க. நான் இங்கேயே இருக்கேன். நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க, போதும்."

திலக்ஷன் பயந்து தண்ணீர் கொடுத்தான். இந்தப் பாதையைத் தான் ஒத்துக்கொண்டிருக்கக் கூடாதோ என்று அனுஷியாவுக்கு ஒரு நிமிடம் தோன்றியது. கனகேஸ்வரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பையிலிருந்து பனங்கற்கண்டை எடுத்து ஒரு துண்டை வெள்ளையம்மாவின் வாயில் வைத்தார். மூச்சு அடங்கும் வரை முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"வெள்ளையம்மா," என்றார். முதல்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "உம்மாலதான் நான் இந்தக் காட்டுக்குள்ள வந்தனான். நீர் இல்லாமல் மேல போய் நான் என்னத்தைப் பாக்கிறது? ஆறுதலா வருவம். எழும்பும்."

கையைக் கொடுத்தார். வெள்ளையம்மா அதைப் பிடித்து எழும்பினாள். பத்தடி நடப்பது, நிற்பது, மறுபடி நடப்பது என்று கையை விடாமலே இருவரும் ஏறினார்கள். பின்னால் வந்த மூன்று பேரும் அவர்கள் வேகத்துக்கே நடந்தார்கள்.

காடு சட்டென்று முடிந்தது. முன்னால் புல்வெளி. அதன் ஓரம் முழுவதும், ஷெல்டன் சொன்னது போலவே, இல்லை, அவன் சொன்னதைவிட அதிகமாக, மரம் மரமாகச் சிவப்பு. வெயில் பட்டுப் பூக்கள் எரிவது போல் இருந்தன. கீழே புல்லிலும் விழுந்து கிடந்தன. அனுஷியா போனை எடுத்தாள், படம் எடுக்க மறந்து கையில் வைத்தபடியே ஓடினாள். "மாமி! அம்மா! ஓடி வாங்கோ!" அவள் கத்திய சத்தம் மலையில் போய் மோதித் திரும்பி வந்தது.

வெள்ளையம்மா ஓடவில்லை. ஒரு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். ஒரு பூவைக்கூடப் பறிக்கவில்லை. "இதா இருந்துச்சு இந்தப் பக்கம்," என்றாள். "இத்தன வருசமா."

உச்சியில் அவர்கள் ஏறியபோது மேகம் சுற்றி மூடியிருந்தது. ஈரம் முகத்தில் அப்பியது. கொஞ்ச நேரத்தில் காற்று மாறி, தேயிலைப் பக்கம் ஒரு ஜன்னல் போலத் திறந்தது. கீழே, மிகக் கீழே, வாரிவிட்ட தலைபோல் தேயிலை. அதற்குள் தகரக்கூரை வரிசை ஒன்று. வெள்ளையம்மா எட்டிப் பார்த்தாள். "அந்தா எங்க லயம்," என்று சொன்னாள். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அங்கிருந்து விலகி வந்து, தாங்கள் ஏறி வந்த பக்கமாகத் திரும்பி, காட்டையும் சிவப்பையும் பார்த்தபடி வசதியாக உட்கார்ந்துகொண்டாள். கனகேஸ்வரியும் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"மழை வருது, எறங்கணும்," என்றான் ஷெல்டன்.

"கொஞ்சம் பொறும் தம்பி," என்றார் கனகேஸ்வரி.

"இப்ப எறங்கலேன்னா நனைஞ்சிருவீங்க."

"நனைஞ்சா என்னா?" என்றாள் வெள்ளையம்மா.

ஷெல்டன் தோளைக் குலுக்கிவிட்டு, தானும் ஒரு கல்லில் குந்தினான். மழை வந்தது. முதல் துளிகள் பெரிதாக, குளிராக விழுந்தன. அப்போதுதான் எல்லோரும் கூச்சலிட்டபடி எழும்பினார்கள். புல்வெளியில் கை கோத்துக்கொண்டு, வழுக்கி, விழுந்து, எழும்பி, ஐந்து பேரும் கீழ்நோக்கி ஓடினார்கள்.